வீட்டுச் சோறும் நாட்டுக் கணக்கும்

சிக்கனமாக வாழுங்கள் என்று பிறருக்குக் கூறுவது எளிது. கூறுபவர் யார், கேட்பவர் யார் என்று ஆராய்வதுதான் கடினம். அந்த ஆராய்ச்சியின்றிக் கூறப்படும் சிக்கனம் பாதி நியாயமே. சில வேளைகளில் முழு அநியாயமுமாகும். வீட்டிலே எளிய உணவைச் சமைத்துண்டு பணத்தை மீதப்படுத்துவது பற்றி இவ்வாரம் எழுத முற்பட்ட நாம், இந்த எச்சரிக்கையை எமக்கே முதலிற் கூறிக்கொண்டு தொடங்குகின்றோம்.

கொழும்பு மாநகரில் மாதச் சம்பளம் பெற்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் இராப் போசனம் அடுப்பங்கரையை விட்டுக் கடைத்தெருவுக்குக் குடிபெயர்ந்து வருகின்றது. வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையிலும், நாம் வாழும் முகத்துவாரத்திலும் பொழுது சாய்ந்தபின் கொத்துரொட்டி கொத்தும் ஓசை கேட்காத தெருக்கள் சிலவே. கணவனும் மனைவியும் உத்தியோகத்தர்; பிள்ளைகளுக்கு மாலையில் தனிவகுப்பு; எல்லோரும் வீடு சேரும்போது இருட்டிவிடுகின்றது. நான்கு பொதி வாங்கினால் அன்றைய கவலை தீர்ந்தது. இதனைக் குற்றமென்று நாம் கூறமாட்டோம். களைத்து வந்தவருக்கு ஆயத்தமான உணவு பெரும் ஆறுதலே. ஆனால் ஆறுதலுக்காக வாங்கியது வழக்கமாகி, வழக்கம் கடனாகி வருகின்றதே என்பதுதான் எமது கவலை.

கணக்கைப் பார்ப்போம். கடையில் வாங்கும் பொதியின் விலையில் அரிசியும் மரக்கறியும் ஒரு பகுதி மட்டுமே. கடை வாடகை, ஊழியர் கூலி, எரிவாயு, மின்சாரம், பொதி கட்டும் தாள், விலைபோகாது கழியும் உணவின் நட்டம், உரிமையாளரின் இலாபம் ஆகிய யாவும் அவ்விலைக்குள் அடங்கியுள்ளன. இவை நியாயமான செலவுகளே. கடைக்காரரும் பிழைக்கவேண்டும், அவர்களுட் பலர் எம்மவரே. ஆயினும் நால்வருள்ள குடும்பம் நான்கு பொதி வாங்கும்போது இச்செலவுகளை நான்கு முறை செலுத்துகின்றது. வீட்டிலே ஒரு பானை ஏற்றினால் நால்வருக்கும் ஒரே நெருப்பு. விருந்தாளி ஒருவர் வந்து ஐவரானாலும் அதே நெருப்பு.

எளிய உணவு என்றதும் வறிய உணவு என்று எண்ணுவோரும் உளர். எமது மூதாதையர் அவ்வாறு எண்ணினாரல்லர். அரிசிமாப் பிட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும், குரக்கன் பிட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பூ தூவிய பயறு, முருங்கையிலை வறை, ஒடியற்கூழ், இலைக்கஞ்சி என எத்தனை வகை! பயறும் கௌபியும் முன்னிரவே ஊறினால் விரைவில் வேகும், எரிபொருளும் மிஞ்சும். இராச்சோற்றில் எஞ்சியதற்கு நீரூற்றி வைத்தால், விடியற்காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் மோரும் சேர்த்து அடுப்பு மூட்டாமலே காலையுணவு முடிந்துவிடும். முகத்துவாரத் துறையில் இறங்கும் சூடையும் சாளையும் பெருமீனின் விலைக்கு எட்டாதவை; சத்தில் அதற்குக் குறைந்தவையுமல்ல. இவற்றுள் எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரையும் அடுப்படியில் நிறுத்தி வைப்பதன்று.

இவ்வுணவுகளின் மதிப்பை 2022ஆம் ஆண்டு எமக்கு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுக் கொள்கலன், 2022 ஏப்ரல் முடிவதற்குள் 4,860 ரூபாவாயிற்று. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குத் தாவியது. எமது துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் சிறுபடகுகள் கரையில் ஏறி நின்றன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய இருநூறு ரூபாவுக்கு வாங்கினோம். சம்பளமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்நாளில் தப்பிப் பிழைத்த குடும்பங்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கையில் அரிசியும் முற்றத்தில் முருங்கையும் வைத்திருந்தவர்கள் ஒருவாறு சமாளித்தனர். பாணையும் பால்மாவையும் மைசூர்ப் பருப்பையும் நம்பியிருந்தவர்கள் வரிசையில் நின்றனர். காரணம் வெளிப்படை. எமது நாட்டில் கோதுமை விளைவதில்லை. டொலர் இல்லையென்றால் கப்பலில்லை; கப்பலில்லையென்றால் பாணில்லை. உக்கிரேனில் 2022 பெப்ரவரியில் மூண்ட போர் உலகெங்கும் கோதுமையின் விலையை ஏற்றியபோது, அதன் எதிரொலி முகத்துவாரத்து வெதுப்பகத்திற் கேட்டது.

பாணுக்கும் எமக்கும் உள்ள உறவு மிகப் பழையதுமன்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கிற்று. போர் முடிந்தது, மா நின்றுவிட்டது. இன்று வீட்டிலே அவிக்கும் பிட்டுக்கூடப் பல வீடுகளிற் கோதுமை மாப் பிட்டே. ஆகவே அடுப்பு எமதாயினும் அதில் வேகும் பொருளும் எமதோ என்று கேட்கவேண்டும். வீட்டுச் சமையல் குடும்பக் கணக்கைச் சீர்ப்படுத்தும். அதில் வேகும் அரிசியும் பயறும் உழுந்தும் எமது மண்ணில் விளைந்தவையானால் நாட்டுக் கணக்கையும் சீர்ப்படுத்தும்.

இவ்வளவும் கூறியபின், இச்சிக்கனத்துக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கின்றோம். அவற்றை மீறும் சிக்கனத்தை நாம் ஆதரிக்கமாட்டோம்.

முதலாவது, இச்சிக்கனம் ஏழையின் வயிற்றில் அடிப்பதாக இருத்தலாகாது. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்று ஜேர்மனியப் புள்ளிவிபர அறிஞர் ஏர்ன்ஸ்ற் எங்கல் 1857இல் எடுத்துக்காட்டினார். துறைமுகத்தில் நாட்கூலி பெறுபவனுக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கும் சிக்கனம் கற்பிக்க நாம் யார்? அவர்கள் குறைக்கக்கூடிய யாவற்றையும் முன்னரே குறைத்துவிட்டனர். இனிக் குறைக்க எஞ்சியிருப்பது பிள்ளையின் பால் மட்டுமே. 1953இல் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அரசாங்கம் அதனைச் சிக்கனம் என்றது. மக்கள் ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலால் விடையளித்தனர். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட நேர்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

சுமை யாருக்குரியது என்று கேட்பது சட்டம் பயின்றோர் வழக்கம். அக்கேள்விக்கு எமது காலத்திலும் ஒரு விடை கிடைத்துள்ளது. 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கியது. கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட வேறு சிலரும் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையினால் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினர் என்றும், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் உரிமை அதனால் மீறப்பட்டது என்றும் அத்தீர்ப்புக் கூறியது. பானை காய்ந்ததற்குக் காரணம் இல்லத்தரசியின் ஊதாரித்தனம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆகவே, மக்களைச் சிக்கனமாயிருக்கச் சொல்லிவிட்டு அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ இடமில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தில் தகுதியுடைய குடும்பங்கள் விடுபட்டனவென்று பெருந்தொகையான மேன்முறையீடுகள் எழுந்தன. அத்தகைய குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது படித்தவர்களாகிய எமது கடமை.

இரண்டாவது, இச்சிக்கனம் பெண்ணின் முதுகிற் கட்டப்படுவதாக இருத்தலாகாது. வீட்டுச் சமையல் மலிவு என்று கணக்கெழுதும்போது சமைப்பவளின் உழைப்புக்கு நாம் ஒரு சதமும் எழுதுவதில்லை. கடைக்காரன் தன் ஊழியனுக்குக் கூலி கொடுக்கின்றான். வீட்டுக்காரனோ நன்றியும் கூறுவதில்லை. உத்தியோகம் பார்த்து வந்த மனைவி மீண்டும் அடுப்படியில் நிற்க, உத்தியோகம் பார்த்து வந்த கணவன் பத்திரிகை விரிப்பது நீதியாகுமா? ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த எமது இளைஞர்கள் பலர், ஒரு வீட்டை வாடகைக்கெடுத்துச் ‘சமறி’யாகக் கூடி வாழ்ந்து செலவைப் பங்கிட்டுக்கொண்டனர். சம்பளத்தில் மிஞ்சியது ஊருக்குச் சென்றது, தங்கையின் சீதனமாயிற்று, தம்பியின் படிப்பாயிற்று. அன்று செலவைப் பங்கிடத் தெரிந்த எமக்கு இன்று வேலையையும் பங்கிடத் தெரியவேண்டும். ஆடவரின் கை தேங்காய் துருவினால் தேய்ந்துவிடாது.

மூன்றாவது, இச்சிக்கனம் கமக்காரனின் விலையை வெட்டுவதாக இருத்தலாகாது. நகரத்தவனுக்கு மலிவு என்பது பல வேளைகளில் வயலிலுள்ளவனுக்கு நட்டம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடைசெய்து, நவம்பரில் அதனைக் கைவிட்டபோது, இடையில் பொய்த்த விளைச்சலுக்கு விலை கொடுத்தவன் கமக்காரன். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என நிர்ணயித்தது. அதற்கு முந்திய டிசெம்பரில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். அதாவது 12,000 ரூபா நெல், சந்தையில் 14,950 ரூபா அரிசியாகும். ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று, விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் கூலிக்கும் கொடுத்தபின் அந்த 12,000இல் அவன் கையில் என்ன மிஞ்சும்? அதுவும் உலர்ந்த நெல்லுக்குரிய விலை. கடன்காரன் வாசலில் நிற்க, ஈரநெல்லைக் களத்திலேயே விற்க நேர்ந்தவனுக்கு அவ்விலையும் கிட்டுவதரிது.

இதற்கு இறக்குமதித் தடை மருந்தென்று சிலர் கூறுவர். அம்மருந்தையும் நாம் உண்டு பார்த்தவர்களே. 1970ஆம் ஆண்டுக்குப் பின் சிறீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது வலிகாமத்துச் செம்மண் பொன்னாயிற்று. வன்னியில் புதுக்காடுகள் தோட்டங்களாயின. அதே ஆண்டுகளிற் கொழும்பு மக்கள் விடியுமுன் பாண் வரிசையில் நின்றனர். 1977இல் ஆட்சி மாறிக் கதவு திறந்ததும் அத்தோட்டக்காரர் பலர் ஒரே அடியில் விழுந்தனர். சட்டத்தால் வந்த வாழ்வு சட்டத்தால் போயிற்று. உண்பவனும் விளைவிப்பவனும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடே நிலைத்து நிற்கும்.

அவ்வுடன்பாட்டுக்கு வழி எம்மிடமே உண்டு. கொழும்பில் எமது பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் உள்ளன. கோயில்களும் தேவாலயங்களும் உள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து தமக்கு மாதந்தோறும் வேண்டிய அரிசி, பயறு, உழுந்து, வெங்காயம், ஒடியல் ஆகியவற்றைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வலிகாமத்திலும் உள்ள சங்கங்களிடம் முன்கூட்டியே விலை பேசி நேரே பெறட்டும். இடையிற் போகும் பணத்தை இரு பகுதியாரும் பங்கிட்டுக்கொள்வர். கமக்காரனுக்கு விதைக்கும்போதே விலை தெரியும். உத்தியோகத்தனுக்குச் சமைக்கும்போதே கணக்குத் தெரியும். அடுப்பு மூட்ட வழியில்லாதோருக்காக 2022இல் கொழும்பில் தொண்டர்கள் நடத்திய சமுதாயச் சமையலறைகளையும், நெருக்கடிக் காலங்களிற் பெரு நாட்டின் லீமா நகரில் வறிய பெண்கள் கூடி நடத்திய பொதுச் சமையலறைகளையும் நினைவிற் கொள்வோம். பத்து வீட்டுக்கு ஓர் அடுப்பு என்பது பஞ்ச காலத்துக்கு மட்டும் உரியதன்று.

வாசகர்களாகிய உத்தியோகத்தருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் கடையுணவுக்குச் செலுத்தியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதம் வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலே எளிதாகச் சமைத்து, அக்கணக்கையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே பதில் கூறும். மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை நல்ல அரிசிக்கு நல்ல விலையாகக் கொடுங்கள். மற்றப் பங்கைப் பிள்ளைகளின் பெயரில் வையுங்கள். கமக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். குரக்கனையும் பயற்றையும் கைவிடாதீர்கள். சங்கமாகச் சேர்ந்து விலை பேசுங்கள். தனியே நிற்பவனின் மூட்டைக்கு வாங்குபவன் சொன்னதே விலை.

நாட்டை ஆள்வோர் தம் கடமையைச் செய்யுமாறு வற்புறுத்துவோம். அவர்கள் செய்யும்வரை எம் பானையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கமாட்டோம்.