எரிக்கும் முன் படியுங்கள்

போகி வந்தால் மானாம்பதி வட்டாரத்துக் காலனி வீடுகளில் பரண் ஒழிப்பார்கள். தாத்தா வைத்துவிட்டுப் போன தகரப்பெட்டியும் வாசலுக்கு வரும். உள்ளே செல்லரித்த காகிதங்கள். எதை எரிப்பது, எதை வைப்பது?

உத்திரமேரூர்ச் சபையார் தம் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். 1100 ஆண்டுகளாக அவை நிற்கின்றன. கல்வெட்டும் அதிகாரம் நமக்கு இருந்ததில்லை. நமக்கு வாய்த்தது காகிதம்தான். அதிலும் பாதி பரணில் கிடக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892-ல் அரசாணை வந்தது; பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில்? கேட்டால், "ஆதாரம் இருக்கிறதா?" என்கிறார்கள். அந்த ஆதாரம் உங்கள் தகரப்பெட்டியில் இருக்கலாம்.

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதன் பிரதிகள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் பாதுகாத்தார்கள். அதனால்தான் 1999-ல் அவருடைய சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவந்தன. பழைய தாள் என்று அவற்றை எடைக்குப் போட்டிருந்தால்?

கழிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. எந்தக் காப்பகத்திலும் எல்லாவற்றுக்கும் இடமில்லை. அரசு அலுவலகங்களும் கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று பிரித்தே கழிக்கின்றன. பிரிப்பவர் யார் என்பதே கேள்வி. மனை கேட்டு நம் பாட்டி கொடுத்த மனு, எழுத்தருக்குச் சில ஆண்டுகளில் முடிந்துபோன கோப்பு. நமக்கோ, அவர் கேட்டார் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

மாணவர்களே, விடுமுறையில் ஒருநாள் பெரியவர்களோடு உட்காருங்கள். நிரப்பாத படிவம், ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுப் பிரதி, இவை போகட்டும். புல எண், தேதி, முத்திரை, கையொப்பம், கைநாட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வையுங்கள். கல்யாணப் பத்திரிகையையும் சங்கத்துத் துண்டறிக்கையையும் அற்பமாக எண்ணாதீர்கள். வேறெங்கும் எழுதப்படாத பெயர்கள் அவற்றில் இருக்கும். சந்தேகம் வந்தால் தனிப்பையில் போடுங்கள். எந்த வீட்டில், யாரிடம் கிடைத்தது என்று குறியுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் மூலத்தை விட்டுவிடாதீர்கள்.

போகித் தீக்குக் கிழிந்த பாயும் உடைந்த முறமும் போதும். நம் சாட்சியங்களை நாமே அதில் போட வேண்டாம்.