மாட்டு வண்டியில் ஏறிய செயற்கைக்கோள்

இப்போதெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் கைப்பேசியில் நாலு அதிசயங்கள் வந்து விழுந்துவிடுகின்றன. இதைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டால் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. அன்று திண்ணையிலும் ரயில் பெட்டியிலும் நடந்ததுதான் இன்று வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பிழைக்க வந்த ஊரில், திருநெல்வேலியில் இருக்கும் அத்தை பிள்ளையோடும் துபாயில் இருக்கும் மகனோடும் தொடர்பு அறுந்து போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகிர்வது நல்லது, பாதியை மட்டும் பகிர்வதுதான் கெடுதல் என்பது என் கட்சி.

ஒரு உதாரணம். மாட்டு வண்டியின் மேல் ஒரு செயற்கைக்கோள் இருக்கும் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. "லாரிக்குக் காசில்லாத காலத்தில் நம் விஞ்ஞானிகள் பட்ட பாடு" என்ற வாசகத்தோடு அது ஆண்டுதோறும் வலம் வரும். சிலர் அதை நம்மூர்த் தும்பாவில் எடுத்தது என்றும் சேர்த்துவிடுவார்கள். உண்மை என்ன? அது 'ஆப்பிள்' என்ற செயற்கைக்கோள். 1981 ஜூன் 19-ல் ஏரியான் ராக்கெட்டில் பறந்தது. படம் எடுத்தது பெங்களூரில். ஆண்டெனாவைத் திறந்த வெளியில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. இரும்பு வண்டியில் வைத்தால் அந்த இரும்பே ரேடியோ அலைகளைக் குழப்பிவிடும். ஆகவே மரத்தால் ஆன வண்டி தேவைப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஆர். எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். வறுமைக் கதையை விட இந்த மூளைக் கதை எவ்வளவு சுவையானது! ஆனால் நம் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்வது முதல் கதைதான்.

தும்பாவுக்கு அதன் சொந்த அதிசயமே போதும். பூமியின் காந்த நடுக்கோடு அருகில் செல்வதால்தான் அந்த மீனவ கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புனித மரிய மகதலேனாள் தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தத் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்குப் பகுதியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் இருக்கிறதே, அதுதான் உண்மையில் தும்பாவில் எடுத்தது.

இன்னொன்று, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருவது. பத்மநாப சுவாமி கோயில் கோபுரத்தின் வாசல்கள் வழியே அஸ்தமன சூரியன் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் படம். இது மெய். மார்ச் 21-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும் கிழக்கே கோட்டைக்குப் போனால், வானம் தெளிவாக இருந்தால் நாமே பார்க்கலாம். ஆனால் "அறிவியலால் விளக்க முடியாத அற்புதம்" என்ற வாலையும் சேர்த்து அனுப்புகிறார்கள். விளக்கம் எளிது. பகலும் இரவும் சமமாக இருக்கும் அந்நாட்களில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. கோபுரமோ நேர் கிழக்கு நோக்கியது. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எட்டரை டிகிரிதான். ஆகவே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கி, ஒவ்வொரு நிலையின் வாசலிலும் எட்டிப் பார்க்கிறது. லண்டனில் இப்படி ஒரு கோபுரம் கட்டினால் சூரியன் சாய்வாக விலகிப் போய்விடும். திசை பிசகாமல் கட்டிய கொத்தனார்களின் கெட்டிக்காரத்தனம், விளக்கம் தெரிந்த பிறகு இன்னும் பெரிதாகத் தெரிகிறதே தவிர குறையவில்லை.

நிற்க. பொய்யான அதிசயத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதிசயத்தைச் சரிபாராமல் அனுப்பிப் பழகிய அதே விரல்தான் பீதியையும் அனுப்புகிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த சமயம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. அணை உடையவில்லை. ஆனால் மொட்டை மாடியில் நின்றிருந்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

அணை கேரளத்தில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு. அதைப் பற்றிய ஒவ்வொரு பழைய படமும் பொய்ச் செய்தியும் இரு மாநில மக்களிடையே கசப்பைத்தான் வளர்க்கும். சாலைக் கடைத்தெருவில் மலையாளிகளோடு தோளோடு தோள் நின்று பிழைப்பவர்கள் நாம். நம் பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அனுப்புகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். மறுநாள் அடுத்த வீட்டுக்காரரின் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்களும் நானும்தான்.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி விடச் சம்மதம் கேட்டால், சம்மதத்தோடு ஒரு 'பிரைவேட் நம்பர்' வரும். அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் காரியம். சொன்னது யார், எப்போது என்பதற்கு அது சாட்சி. நம்முடைய செய்திகளுக்கும் அப்படி ஒரு நம்பர் வேண்டும். எங்கே, எப்போது, யார் சொன்னது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது நம்மோடு நிற்கட்டும்.

குடும்பத்தில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பேரன் பேத்திகளிடம் படத்தைக் காட்டி, "இது மெய்யா என்று கண்டுபிடித்துச் சொல்" என்று கேளுங்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் தேடிக் கொண்டுவருவார்கள். தமிழில் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள்கூட இதற்காக வாசிப்பார்கள். அடுத்த செப்டம்பரில் அவர்களைக் கிழக்கே கோட்டைக்கும் ஒரு சாயங்காலம் அழைத்துப் போங்கள். கண்ணால் கண்டதை அவர்களே நாலு பேருக்குச் சொல்லட்டும்.