காப்பர் கம்பெனியைப் பெரிய ஆள் வாங்கப்போறாங்களாமே!

கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு, காலைக் காபியோடு வந்து சேர்ந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. ‘சின்ன காப்பர் சுரங்கக் கம்பெனி. பெரிய கம்பெனி வாங்கப்போகுது. இப்பவே பங்கு வாங்கினா மூணு மடங்கு!’

மகள் கல்யாணத்துக்காக வங்கியில் போட்டிருந்த 5 லட்சத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். குரோம்பேட்டையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்பா, அந்தக் கம்பெனி கையில என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

நியாயமான கேள்வி. ஏனென்றால், அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. மின்சார வாகனம், சோலார், மின்கம்பி என எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும். புதிய சுரங்கம் தோண்டி எடுக்கப் பத்து வருடங்களுக்கு மேல்கூட ஆகும். அதனால், ஏற்கெனவே தாமிரம் கண்டுபிடித்து வைத்திருக்கும் சிறிய கம்பெனிகளைப் பெரியவர்கள் வாங்குகிறார்கள். கனடாவின் ஃபைலோ அப்படித்தான் விலைபோனது. அர்ஜென்டினா - சிலி எல்லையில் அதன் சுரங்கத் திட்டம். உற்பத்தியே தொடங்கவில்லை. ஆனாலும் 2024 ஜூலையில் பிஎச்பி, லுண்டின் மைனிங் இரண்டும் சேர்ந்து பங்குக்கு 33 கனடா டாலர் தர ஒப்புக்கொண்டன. மொத்தம் சுமார் 410 கோடி கனடா டாலர்!

அந்த விலை வதந்திக்குக் கிடைத்ததல்ல. துளையிட்டு நிரூபித்த தாதுவுக்குக் கிடைத்தது. பாறையில் 1 சதவீதம் தாமிரம் என்றால், ஒரு டன்னில் இருப்பது 10 கிலோதான். அதை எடுக்கச் சாலை, தண்ணீர், மின்சாரம், அரசு அனுமதி எல்லாம் வேண்டும். இந்தச் செலவெல்லாம் போக மிஞ்சுவதுதான் கம்பெனியின் மதிப்பு. வருமானம் இல்லாத கம்பெனி, செலவுக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அப்போது பழைய பங்குதாரரின் பங்களவு சுருங்கும்.

அடுத்து, கம்பெனி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் தாமிரத் தாது எடுக்கும் ஹிந்துஸ்தான் காப்பரில் 66 சதவீதம் மத்திய அரசிடம். அரசு மனசு வைக்காமல் யாரும் அதை வாங்க முடியாது.

சந்தை விலையை அப்படியே நம்பவும் கூடாது. 2012 நவம்பரில் இதே பங்கு சந்தையில் சுமார் 266 ரூபாய். அரசு தன் பங்கில் ஒரு பகுதியை விற்க வைத்த குறைந்தபட்ச விலையோ 155 ரூபாய்! அதுவரை 99 சதவீதத்துக்கும் மேல் அரசிடமே இருந்தது. மிச்சமிருந்த கொஞ்சூண்டு பங்குகளின் கைமாற்றத்தில்தான் அந்த 266 உருவாகியிருந்தது. அறிவிப்பு வந்ததும் பங்கு சரிந்தது.

உண்மையான டேக் ஓவர் ரகசியமாக முடியாது. இந்தியாவில் ஒருவரின் பங்கு 25 சதவீதத்தைத் தொட்டாலே, மற்ற பங்குதாரர்களிடமிருந்து இன்னும் 26 சதவீதமாவது வாங்க ‘ஓபன் ஆஃபர்’ தர வேண்டும் என்பது செபி விதி. அது பங்குச் சந்தை இணையதளத்தில் வரும். வாட்ஸ்அப் குரூப்பில் அல்ல.

மதியம் அப்பா அந்த குரூப்பில் கேட்டார்: ‘எத்தனை டன் தாது? எத்தனை சதவீதம் தாமிரம்? பெரும்பான்மைப் பங்கு யாரிடம்?’

பதில் வரவில்லை. சாயங்காலம் அவரை குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். கல்யாணப் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது.