நெல்லி மரத்தடியில் ஒரு பாடவேளை

மலாக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆரம்பப்பள்ளி மாணவர்கூட பதில் சொல்லிவிடுவார். பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் ஓய்வெடுத்தார். சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை எட்டி உதைத்தது. அந்த மரத்தின் பெயரையே அவர் ஊருக்கு வைத்தார். வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லாரும் எழுதி மதிப்பெண் வாங்கிய கதை இது. சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அந்த மரம் எது?

'போக்கோக் மெலாக்கா' என்று மலாயில் அழைக்கப்படும் அந்த மரம் வேறெதுவும் இல்லை, நம் வீட்டில் ஊறுகாய் போடும் நெல்லிதான். இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது பத்தொன்பது. பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி போகிற போக்கில் சொன்னாள். பதினோரு ஆண்டு பள்ளிப் படிப்பை மலாக்கா மாநிலத்திலேயே முடித்த எனக்கு, மலாக்கா மரத்தின் முன் நிறுத்தி "இதுதான்" என்று காட்ட ஒருவருக்கும் வாய்ப்பு அமையவில்லை. பாடநூலில் படம் இருந்தது, தேர்வில் கேள்வியும் வந்தது, மரம் மட்டும் வரவில்லை.

இந்தக் குறை இப்போது மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வனப் பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கன்னிக்காடு என்பதற்காக அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஈயம் தோண்டியெடுத்துப் பாழாய்க் கிடந்த நிலத்தில் 1920-களில் தொடங்கிக் கன்று நட்டு மனிதர்கள் உருவாக்கிய காடு அது. செய்தியைப் பலரும் சமூக ஊடகத்தில் பகிர்ந்தோம். அதே வாரத்தில் எத்தனை பள்ளிகள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காட்டுக்கு ஒரு வகுப்பை அழைத்துப் போயிருக்கும் என்ற கேள்விதான் எனக்கு எழுந்தது.

எங்கள் ஊர்க் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கை ஊடாங் என்றால் தெரெண்டாக் இராணுவ முகாமும் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நினைவுக்கு வரும். மூன்றாவதாக இங்கே ஒரு பொழுதுபோக்கு வனம் இருக்கிறது. பரப்பு 50 ஹெக்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் மலாக்கா மாநில நிலப்பரப்பில் காடு என்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 3 விழுக்காடு என்பதை வைத்துப் பார்த்தால் இது சிறிய சொத்து அல்ல. மெராந்தி, கெருயிங் போன்ற மரங்கள் நிற்கும் தாழ்நிலக் காடு. கடலோரச் சமவெளியில் இந்த வகைக் காடுதான் முதலில் அழிக்கப்பட்டது, ஏனென்றால் ரப்பரும் செம்பனையும் வீட்டுமனையும் கேட்ட நிலம் அதுதான்.

கடந்த பருவ விடுமுறையில் சின்னம்மாவின் பிள்ளைகள் இருவரை அங்கே கூட்டிப் போனேன். ஒருவன் நான்காம் ஆண்டு, மூத்தவள் இரண்டாம் படிவம். முதல் அரைமணி நேரம் கொசுவைப் பற்றிய புகார்தான். பிறகு தம்பி தரையிலிருந்து காய்ந்த காய் ஒன்றை எடுத்தான். இரண்டு நீண்ட இறக்கைகள் அதற்கு இருந்தன. தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் ஹெலிகாப்டர் போலச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அதன் பிறகு கொசு மறந்துபோயிற்று. இருபது முறையாவது போட்டிருப்பார்கள். தங்கச்சி கைப்பேசியில் நேரம் கணக்கிட ஆரம்பித்தாள். ஓர் இறக்கையைக் கிள்ளிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். காய் கல் போல விழுந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "இவ்வளவு சுத்தியும் மரத்தடியிலேயேதானே விழுது, அப்புறம் இறக்கை எதுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். பலத்த காற்று வீசினாலொழிய இந்த விதைகள் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே ஒரு காட்டை முழுதாக வெட்டிவிட்டால், தாய்மரம் இல்லாத இடத்தில் மெராந்தி தானாக வந்து முளைப்பது அரிது. மேலும் இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல இனங்கள் ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கின்றன. விதையும் பல மாதம் பத்திரப்படுத்தி வைக்கக்கூடியது அல்ல. கெப்போங்கில் வெற்று நிலத்தைக் காடாக்கியது ஏன் உலகப் பெருமை என்பது எங்கள் மூவருக்கும் அன்று இரவுதான் புரிந்தது. இரண்டாம் படிவ மாணவியின் ஒரு கேள்வி எங்களை யுனெஸ்கோ வரை கொண்டுபோய் விட்டது. வெள்ளைப்பலகையின் முன் அந்தக் கேள்வி பிறந்திருக்குமா?

நான் படித்த பள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு காட்டுக்கோ பூங்காவுக்கோ பாடம் படிக்கப் போனது நினைவில் இல்லை. பேரங்காடிக்கும் தண்ணீர் விளையாட்டு மையத்திற்கும் பேருந்து பிடித்துப் போயிருக்கிறோம். ஒருமுறை வனத்துக்கு ஏற்பாடு நடந்து, ஒப்புதல் பாரம்கூட வாங்கி, கடைசி நேரத்தில் நின்றுபோனது. காரணம் சொல்லப்படவில்லை.

பொதுவாகச் சொல்லப்படும் முதல் காரணம் தேர்வு. அது ஒரு காலத்தில் உண்மை. யு.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டது, பி.டி.3 அடுத்த ஆண்டில் போனது. அவற்றின் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வந்தது. மாணவர் செய்வதைப் பார்த்து ஆசிரியரே அடைவு நிலையைத் தீர்மானிக்கலாம். ஒரு காயைத் தூக்கிப் போட்டு நேரம் கணக்கிடுவதும் அதில் அடங்கும். ஆக, கதவைப் பூட்டியிருந்த பூட்டு கழற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் கதவைத் திறக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதித் தேர்வு ஒன்று இருக்கிறது, பெற்றோர் பயிற்சிப் புத்தகத்தைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது காரணம் பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். ஆசிரியராகப் போகிறவர்கள் பலர் அந்தப் பேருந்தில் இருந்தனர். அதன் பிறகு எந்தத் தாயும் பேருந்துப் பயணத்திற்குக் கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் யோசிப்பார். வெயிலும் உண்டு: 2023 ஏப்ரலில் கடும் வெப்பத்தால் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு நிறுத்தச் சொன்னது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் திடலுக்குப் போகக் கூடாது, 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும்.

ஆனால் பயத்திற்குப் பதில் எப்போதும் 'போகாதே' என்பதாகத்தான் இருக்க வேண்டுமா? அண்டை நாட்டைப் பாருங்கள். 2015 ஜூன் 5-ஆம் தேதி சபாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் மாண்டனர். அவர்களில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஏழு பேர், ஆசிரியர்கள் இருவர். ஒரு சிறிய நாடு அதைத் தாங்குவது எளிதா? இனி எந்த மாணவரும் வெளியே போக வேண்டாம் என்று சிங்கப்பூர் அறிவித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறு ஆண்டே, அதாவது 2016-இல், தேசிய வெளிப்புறக் கல்விப் பெருந்திட்டத்தை அது அறிவித்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் எல்லா மாணவரும் ஐந்து நாள் முகாமுக்குப் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. இழப்பைச் சந்தித்த பிறகும் பிள்ளைகளை வெளியே அனுப்புவது என்று முடிவெடுத்து, எப்படி அனுப்புவது என்பதை முறைப்படுத்தினார்கள். அவர்களுடைய வசதி நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி ஒன்று லூமுட்டில் 1954 முதலே நம் நாட்டில் இயங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு, அது மெதுவாக வருவதால் செய்தியாவதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் சில தொடக்கப்பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். வேறு சில பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பள்ளிகளில் 39.5 விழுக்காட்டு மாணவர்களுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பிள்ளைகளில் அது 30.4 விழுக்காடு. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பணம். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையிருப்பு மின்விசிறி மாற்றவே போதாமல் இருக்கும் பள்ளிகளும் உண்டு. இருந்தாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: வெளியே போவது என்று வந்தால் சிறிய பள்ளிக்குத்தான் வசதி. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடக்கூடிய பள்ளிகள் பல இருக்கின்றன. ஆயிரம் மாணவர் படிக்கும் பட்டணத்துப் பள்ளிக்கு அது கனவு.

பேருந்தே வேண்டாம் என்றாலும் பாடம் இருக்கிறது. என் பாட்டி அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். செம்பனைக்கு 'பவுடர் அடிக்கிற' வேலை என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகத்துக்குப் பூசும் பவுடரோ என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. ஆண் பூங்கொத்தின் மகரந்தத்தைச் சேகரித்து, பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் தூவுவதுதான் அந்த வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் போய் ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னஞ்சிறு வண்டு என்று காட்டினார். 1981-இல் அந்த வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. விளைச்சல் ஏறியது. பவுடர் அடிக்கும் வேலை மறைந்தது. பாட்டிக்கு அரிவாள், உரம் என்று வேறு வேலை கொடுத்தார்கள்.

அறிவியல், பொருளாதாரம், நம் குடும்ப வரலாறு மூன்றும் ஒரு பூவுக்குள் இருக்கின்றன. பூத்திருக்கும் ஆண் பூங்கொத்தின் அருகே மூக்கைக் கொண்டு போனால் சோம்பு வாசம் வரும். அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருகிறது. தோட்டப்புறப் பள்ளியின் வேலிக்கு அந்தப் பக்கம் நூறு மரம் நிற்கிறது, நம் பிள்ளைகள் மகரந்தச் சேர்க்கைக்குச் செம்பருத்திப் படத்தை மனப்பாடம் செய்கிறார்கள். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்டதும் இதே மாநிலத்தில்தான்: 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நட்டார்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவரிடம் பேசியபோது அவர் மறைக்காமல் சொன்னது மனத்தில் நிற்கிறது. பாம்போ விபத்தோ அவருக்கு இரண்டாம் பட்சம். ஒரு மாணவன் செடியைக் காட்டிப் பெயர் கேட்டு, தனக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பதே அவர் பயம். ஆசிரியர் பயிற்சியில் யாரும் அவரைக் காட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. ஆகவே மாணவரை அனுப்புவதற்கு முன் ஆசிரியரை அனுப்ப வேண்டும். மாணவர் இல்லாமல், படிவம் இல்லாமல், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பத்துப் பேர் போய் நடந்துவிட்டு வரட்டும். 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் 1991 முதல் பள்ளிகளில் இயற்கை மன்றங்களை நடத்தி வருகிறது. துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. தமிழாசிரியர்களும் போகலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவற்றில் ஐந்தை நேரில் பார்த்தால் அடையாளம் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டோடு நின்றுவிட்டேன்.

பெயர் தெரியாவிட்டால்தான் என்ன? சுங்கை ஊடாங்கில் எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று நான் சொன்ன பிறகுதான் தங்கச்சி தேட ஆரம்பித்தாள்.

அவள் இப்போது வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். போர்ட் டிக்சனை ஒட்டியிருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் காட்டுக்கு மேலே, ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வடக்கு நோக்கிப் பறக்கின்றன. தூரக்கண்ணாடியோடு மக்கள் கூடிப் பார்ப்பார்கள். அதற்குப் போக வேண்டும் என்று தன் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள். பள்ளிப் பயணமாக முடியாது, சொந்த முறையில் வருகிறேன் என்று ஆசிரியை சம்மதித்திருக்கிறார். சித்தப்பாவின் காரில் ஐந்து பேர் உட்காரலாம். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.