அடுப்பு மூட்டும் இடம்



நிலத்தில் நெருப்பு மூட்டும் பெண் என்ன யோசிப்பாள்? விறகு ஈரமா, காற்று எந்தப் பக்கம் என்றுதான். லாவோஸ் நாட்டின் வடகிழக்கே சியங்குவாங் மாகாணத்துப் பெண்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. இந்த மண்ணுக்குக் கீழே என்ன கிடக்கிறது?

2023 மார்கழியில், சமூகப் பணியாளர்கள் சிலரோடு அங்கே போயிருந்தேன். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டின் மீது 20 இலட்சம் தொன்னுக்கும் மேலான குண்டுகளைக் கொட்டின. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறக்குறைய 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி அன்று வெடிக்கவில்லை. சிறிய தோடம்பழம் போன்ற அவற்றை ஊரார் 'பொம்பி' என்கிறார்கள். மேலே நெருப்பு மூட்டினாலும், மண்வெட்டி பட்டாலும் இன்றும் வெடிக்கும்.

நாங்கள் போன கிராமத்தில் குண்டின் நீண்ட இரும்புக் கோதை வெட்டிப் பாத்தியாக்கி வெங்காயம் நட்டிருந்தார்கள். வன்னியில் ஷெல் கோதில் பூக்கன்று வைத்த வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பழைய இரும்பு பொறுக்கப்போன மகனுக்கு ஒரு கை இல்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா, அம்மா?"

"பள்ளிக்கூடத்திலேயே படம் காட்டிச் சொன்னார்கள், மகள். அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதம் வீட்டில் அரிசி முடிந்திருந்தது."

சமூகவியல் படித்தவள் நான். மீள்குடியேறிய கிராமங்களில் மண்டையோட்டுப் படம் போட்ட சுவரொட்டியைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் பேசியிருப்பேன்! கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் எத்தனை பேர் வீட்டில் அன்று அடுப்பெரிந்தது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

மறுநாள் குண்டு அகற்றும் பெண்கள் அணியொன்றைப் பார்த்தோம். கயிறு கட்டிய ஒடுக்கமான பாதையில் கருவியை மெல்ல நகர்த்துகிறார்கள். சத்தம் வந்தால் குந்தியிருந்து கையால் மண்ணை விலக்குகிறார்கள். கிடைப்பது சில வேளை துருப்பிடித்த ஆணி. அதற்கும் அதே பொறுமைதான். முகமாலையில் இதே வேலை செய்த நம் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மாதச் சம்பளம் வருவதால் தம்பிமாரை இரும்பு பொறுக்க விடுவதில்லை என்று அணியில் ஒரு பிள்ளை சொன்னாள். சுவரொட்டியால் முடியாததைச் சம்பளம் செய்திருக்கிறது.

கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008இல் கைச்சாத்தாகி 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் மாநாடு லாவோஸின் தலைநகரில்தான் நடந்தது. இலங்கை 2018இல் சேர்ந்தது. அமெரிக்கா இன்னும் சேரவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா தேநீர் தந்தார். மரப்பெட்டியில் மண் நிரப்பி, அதன் மேல்தான் அவருடைய அடுப்பு. வளவில் குப்பை எரிப்பதும் எப்போதும் ஒரே இடத்தில்தானாம். எங்கள் பக்கத்திலும் போர் நடந்தது, காணிகளில் வெடிபொருட்கள் கிடந்தன என்று சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கே பழைய இரும்பு கிலோ என்ன விலை?"