திவானுக்கு இல்லாத உரிமை



'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குற்றவாளியை அச்சுறுத்தவே இந்தப் பழமொழியை எடுத்தாளுகிறோம். ஆனால், அந்த அரசனுக்கே ஆயுளெல்லாம் உழைத்தவன் தலைமேலும் இந்தக் கத்தி தொங்கியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மில் பலர் சட்டம் பயிலுகிறோம். இன்னும் பலர் அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகிறோம். ஆகவே இதைப் பேச வேண்டியவர்கள் நாமே.

நான் நெய்யாற்றங்கரை வட்டத்துப் பூவார்க்காரன். நெய்யாறு கடலோடு கலக்குமிடம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவன். எங்கள் ஊரில் போக்குமூசா மரைக்காயர் என்ற பெருவணிகர் இருந்ததாகவும், கேசவன் என்ற ஏழைச் சிறுவன் அவர் கடையில் கணக்கு எழுதியதாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்குப்பிள்ளைதான் பின்னாளில் திருவிதாங்கூரை ஆட்டிப் படைத்த ராஜா கேசவதாஸ்.

1745இல் விளவங்கோட்டுப் பகுதியிலுள்ள குன்னத்தூரில் பிறந்தவர் அவர். அந்த விளவங்கோடு 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. பூவார் கேரளத்தில் நின்றது. பிறந்த மண் இந்தப் பக்கம், பிழைத்த மண் அந்தப் பக்கம். மலையாள மாணவர் சி. வி. ராமன் பிள்ளையின் நாவல்கள் வாயிலாக அவரை நன்கறிவர். நமக்கோ அவர் பெயர்கூட அயலாகத் தோன்றுகிறது. வரைபடத்தில் கோடு கிழித்தவுடன் வரலாற்றையும் கிழித்துவிட வேண்டுமா என்ன?

கடையில் கற்ற கணக்கும், கப்பலோடு வந்த அயல்நாட்டாரிடம் பழகிப் பெற்ற மொழியறிவும் அவரை அரண்மனைக்குள் கொண்டு சேர்த்தன. தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜா 1758 முதல் 1798 வரை ஆண்டவர். ஒருநாள் காலை கண் விழித்ததும் இந்த இளைஞன் முகத்தைப் பார்த்துவிட்டாராம். கெட்ட சகுனம் என்று சிறையில் தள்ளச் சொன்னாராம். அன்றே நல்ல செய்தி வந்ததாம். உடனே விடுதலையும் வேலையும் கொடுத்தாராம். கதையைக் கேட்பவர்கள் மன்னரின் பெருந்தன்மையை வியப்பார்கள். எனக்கோ வியப்பு வரவில்லை, அச்சமே வருகிறது. உள்ளே தள்ளியதற்கும் காரணம் இல்லை; வெளியே விட்டதற்கும் காரணம் இல்லை. இது நடந்த கதையோ கட்டிய கதையோ, அந்தக் கால அரசு ஊழியனின் வாழ்வு முழுதும் இதில் அடங்கியிருக்கிறது.

எழுத்துப் பணியில் தொடங்கிய கேசவபிள்ளை படிப்படியாக உயர்ந்து 1789இல் தலைமை அமைச்சரானார். அதுவரை 'தளவாய்' என்றிருந்த பதவிக்குத் 'திவான்' என்ற பெயர் அவர் காலத்திலேயே வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியபோது நாட்டைக் காக்கும் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. ஆலப்புழையைத் துறைமுக நகரமாக வளர்த்தவர் அவர். கச்சு, குஜராத்து வணிகர்களை அங்கே அழைத்துக் குடியேற்றினார். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவும் அவர் உருவாக்கியதே. இன்று அங்கே போய்த் துணியும் சாமானும் வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1798 பிப்ரவரியில் தர்மராஜா மறைந்தார். பதினாறே வயதான பாலராமவர்மா பட்டத்துக்கு வந்தார். இளைஞரான மன்னரைச் சுற்றி வேறொரு கூட்டம் சேர்ந்தது. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் கை ஓங்கியது. நாற்பதாண்டு ஆட்சியின் வலக்கையாக விளங்கிய திவான் பதவியை இழந்தார். தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1799 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர் துறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்றே அன்றும் பேசினர், இன்றும் பேசுகின்றனர்.

கேசவதாசிடம் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 1795இல் ஆங்கிலக் கும்பினியாரோடு ஏற்பட்ட உடன்படிக்கை நாட்டின் கழுத்தில் விழுந்த சுருக்கு என்று குறை கூறுவோர் உண்டு. கூறட்டும். குறை இருந்தால் அதை எழுதிக் கையில் கொடுத்து, "இதற்கு உமது விடை என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். வரவு செலவு ஏடுகளையே வாழ்வாகக் கொண்ட மனிதர் அவர்; தமக்காக ஒரு கணக்கு ஒப்புவிக்கத் தெரியாதவரா? அந்த வாய்ப்பைத்தான் மறுத்தார்கள்.

ஐரோப்பாவில் மட்டும் அக்காலத்தில் நீதி கொடிகட்டிப் பறந்ததா? இல்லை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் நிக்கோலாஸ் கிரெல் என்ற சட்ட அறிஞர் இருந்தார். லைப்சிக்கில் பிறந்து, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே பயின்று, 1589இல் அரசின் சான்சலர் ஆனவர். முதலாம் கிறிஸ்டியான் என்ற அரசர் அவரை முழுதும் நம்பினார். சமயத் துறையில் கிரெல் செய்த மாற்றங்கள் பலருக்குப் பகையாயின. 1591இல் அரசர் இறந்தார். அத்தோடு கிரெலின் பாதுகாப்பும் இறந்தது. கோனிக்ஸ்டைன் கோட்டையில் பத்தாண்டு சிறை. 1601 அக்டோபரில் டிரெஸ்டன் நகரில் தலை வெட்டப்பட்டது.

ஆனால் கிரெலுக்கு ஒரு வழக்கு நடந்தது. பேரரசின் நீதிமன்றம் வரை முறையீடு போயிற்று. பிராக் நகரத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அது நேர்மையான தீர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் குற்றச்சாட்டு எழுத்தில் இருந்ததால், பின்வந்த அறிஞர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, "இது அநீதி" என்று சொல்ல முடிந்தது. நம் கேசவதாசுக்கோ புரட்டிப் பார்க்க ஓர் ஏடும் இல்லை. வதந்தி ஒன்றே மிச்சம்.

இதற்கு மருந்து மக்கள் கிளர்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் திருவிதாங்கூர் பார்த்தது. அதே 1799இல் வேலுத்தம்பி மக்களைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு வந்தார். ஜயந்தனின் ஆட்சி கவிழ்ந்தது. அவருடைய கூட்டாளிகளின் காதுகள் அறுக்கப்பட்டன. மக்கள் மகிழ்ந்திருப்பார்கள், ஐயமில்லை. ஆயினும் அங்கேயும் விசாரணை எங்கே? வாள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிற்று, அவ்வளவே.

இந்த அவலத்துக்கு முடிவு கட்டத்தான் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 311ஆம் பிரிவு இருக்கிறது. குற்றச்சாட்டை எடுத்துரைத்து, மறுமொழி கூறத் தக்க வாய்ப்பளித்து, விசாரணை நடத்திய பிறகே அரசு ஊழியரைப் பதவியிலிருந்து நீக்கலாம் என்பது அதன் சாரம். ராஜா பட்டம் பெற்ற திவானுக்கு இல்லாத உரிமை இன்று ஒரு கிராமத்து எழுத்தருக்கு உண்டு. எண்ணிப் பாருங்கள், எவ்வளவு பெரிய மாறுதல்!

"இதனால்தானே சோம்பேறிகளும் லஞ்சம் வாங்குவோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று நம் விடுதியில் அடிக்கடி ஒரு குரல் கேட்கிறது. விசாரணை நத்தை வேகத்தில் நடந்தால் அதை விரைவுபடுத்தச் சொல்லுங்கள்; விசாரணையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். லஞ்சக்காரனைக் காக்கும் என்று கதவை உடைத்தால், நேர்மையாளனுக்கும் கதவு இராது. அந்தப் பிரிவிலேயே விதிவிலக்குகள் சில உண்டு. பதவியில் வைத்துக்கொண்டே ஊர் ஊராக மாற்றிப் பந்தாடும் வழியும் திறந்தே கிடக்கிறது. ஆகவேதான் 2013இல் உச்ச நீதிமன்றம், உயர் அதிகாரிகளுக்குக் குறித்த பதவிக்காலம் வேண்டும், மேலிடத்துக் கட்டளைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் கூறிற்று. எழுத்தில் இருக்க வேண்டும்! கேசவதாசின் கதையைப் படித்தவனுக்கே அந்தச் சொல்லின் எடை தெரியும்.

நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் அதிகாரியாக அமரலாம். இன்னொருவர் அவருக்கு ஆணையிடும் இடத்தில் இருக்கலாம். அமர்பவர் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பணியாற்றாதீர்கள். அந்த முகம் மறையும் நாள் வரும். ஆணையிடுபவர், எதிரியாயினும் அவன் வாய்ச்சொல்லைக் கேளாமல் தண்டிக்காதீர்கள். பூவார்க் கடையின் கணக்குப்பிள்ளைக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் இதுவே.