பெயர் சூட்டும் படலம்

பாண்டி பஜாரில் புடவைக்குப் பேரம் பேசுகிறவர்களுக்கு, அந்த வீதியில் 1982-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி துப்பாக்கி வெடித்தது ஞாபகம் இராது. ஒரே இயக்கத்தில் இருந்து பிரிந்துபோன பிரபாகரனும் உமாமகேசுவரனும் அங்கே எதிரெதிரே வந்துவிட்டார்கள். உமாமகேசுவரனின் தோழர் குண்டடி பட்டார். தலைவர்கள் இருவரும் கைதானார்கள். இலங்கை அரசாங்கம் ஆட்களைக் கேட்டது. கொடுக்கலாகாது என்றார்கள் தமிழ்நாட்டுத் தலைவர்கள். இருவரும் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

அது கிடக்கட்டும். நம் மகாஜனங்கள் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'பையன்கள்'! பந்து விளையாடி எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைத்தவர்களைச் சொல்வதுபோல, வாய் நிறையப் பையன்கள். உள்ளூர் ரௌடி ஒருவன் அதே கடைத்தெருவில் சுட்டிருந்தால் அவனுக்கு இந்தச் செல்லம் கிடைத்திருக்குமா? 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, கொழும்புக்குப் போக வேண்டிய வெடிகுண்டு மீனம்பாக்கத்திலேயே வெடித்து, சுமார் 30 பேர் மாண்டார்கள். அப்போதும் செல்லம் குறையவில்லை.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மறுநாளே அகராதி தலைகீழாயிற்று. பையன்கள் பயங்கரவாதிகளானார்கள். அதோடு நின்றதா? துப்பாக்கியைக் கண்ணாலும் பார்த்திராத அகதியும் அந்தச் சொல்லுக்குள் அடைபட்டான். நேற்றுவரை தொப்புள்கொடி உறவு. இன்று சந்தேகக் கேஸ். நமக்கு வலிக்காதவரை வீரம், வலித்தால் பயங்கரம். இதுதானா ஐயா, நம் தர்ம சாஸ்திரம்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வழக்கில் 1999 மே மாதம் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் நிரூபணமாகவில்லை என்று கூறிவிட்டது. அரசை அச்சுறுத்தவோ ஜனங்களைக் கதிகலங்க வைக்கவோ செய்த காரியம் என்பதற்கு ருசு வேண்டுமாம்! கொலை, கொலைச் சதி என்ற பழைய சொற்களே தண்டிப்பதற்குப் போதுமானவையாக இருந்தன. கீழ்க் கோர்ட்டில் 26 பேருக்கும் தூக்கு. மேலே வந்தபோது 19 பேர்மீது கொலைக் குற்றம் நிற்கவில்லை. ஊர் வாயோ அத்தனை பேரையும் என்றைக்கோ ஒரே சொல்லில் கட்டிப் போட்டிருந்தது.

அரசாங்கங்களின் அகராதி இன்னும் நயமானது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பெயர் 'கலவரம்'. பூட்டிய அறைக்குள் கிடந்தவன் என்ன கலவரம் செய்தான்? கொழும்பைச் சொல்வானேன்? 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வெந்து செத்தார்கள். அதைக் 'கூலித் தகராறு' என்று சொன்ன பெரிய மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள்.

"அப்படியானால் வாஞ்சிநாதனும் கொலைகாரனா?" என்று கோபிப்பீர்கள். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது கொலைதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். ரயில் நிலையத்துக்கு வைத்த பெயரைப் பிடுங்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஆஷின் மனைவியும் இருந்தாளே, கதை சொல்லும்போது அவளை ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்?

1986 தீபாவளிச் சமயத்தில் சூளைமேட்டில், ஈழ இயக்கம் ஒன்றின் ஆட்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தகராறு மூண்டு, துப்பாக்கி வெடித்து, உள்ளூர்க்காரர் ஒருவர் செத்துப்போனார். அவர் தியாகி அல்லர், துரோகியும் அல்லர். பெயர் சூட்டுவதில் இவ்வளவு கெட்டிக்காரர்களான நீங்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?